தாய் செத்த வீட்டில் அழாத மனுசனுக்கு மனசே இல்லையா?

முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பேர், ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விடயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. 2011 இல் கலியாணம். கணவருக்கு 44, லாண்ட்மாஸ்டரில் கூலி உழவு செய்கிறார், தனக்கென்று ஒரு ஏக்கர் கச்சானும் போடுகிறார். 13 வயதில் மகள், 9 வயதில் மகன். கணவரின் தம்பி 2009 வைகாசியில் காணாமல் போனவர், இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அந்தத் தம்பியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரப் போராட்டக் கொட்டகைகளில் குந்தியிருந்து வந்த மாமி, போன மாசியில் காலமாகிவிட்டார்.

செத்தவீட்டில் கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பந்தலுக்கு ஆள் பிடித்தார், கதிரை இறக்கினார், தேத்தண்ணி குறையாமல் பார்த்தார், மூத்த மகன் என்றபடியால் கொள்ளி வைத்தார், சுடலையால் வந்து குளித்துவிட்டுப் படுத்துவிட்டார். அன்று இரவு சிநேகிதர் ஏதோ சொல்ல அவர் வாய்விட்டுச் சிரித்ததையும் சனம் கண்டது. 31 ஆம் நாள் அந்தியேட்டியில் பெரியப்பா முறையான ஒருவர், "தம்பியின்ரை பேரையும் சொல்லி ஒரேயடியாச் செய்து முடிப்பம்" என்று சொன்னதும் கணவர் எழும்பிப் போனவர், இரண்டு மணித்தியாலம் திரும்பி வரவில்லை. "சபைக்கு நடுவில் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டார்" என்று எழுதுகிறார் இந்தச் சகோதரி.

பிறகு சித்திரை வருடப் பிறப்புக்கு மகன் பக்கத்து வீட்டுப் பொடியளோடு சேர்ந்து அவருக்குப் பின்னால் ஒரு வெடியைக் கொளுத்திப் போட, கணவர் தடியெடுத்து அவனைக் கால் தடிக்குமளவு அடித்திருக்கிறார், தடுக்கப் போன இவரையும் தள்ளி விழுத்தியிருக்கிறார். ஒவ்வொரு வருடமும் சித்திரைக் கடைசியில் இருந்து அவருக்கு நித்திரை இல்லை. நெஞ்சு எரிகிறது, அடைக்கிறது என்று இரண்டு தரம் வைத்தியசாலைக்குப் போய் ஈசிஜி எடுத்ததில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். முகத்தைப் பார்த்து மனதை அறிவது பற்றிப் போனில் நிறைய வீடியோக்கள் பார்த்த இவருக்கு, கண்ணைப் பார்த்துக் கதைக்காத மனுசன் எதையோ மறைக்கிறார் என்ற முடிவும் வந்துவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் செய்வினை என்கிறார், இன்னொருவர் இரண்டு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து உள்ளதைக் கக்க வையுங்கள் என்கிறார். மகளும் தகப்பனைப் போல வாய் திறக்காமல் போகிறாளாம்.

"அக்கா, இவருக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா? நான் ஒரு கல்லோடு குடும்பம் நடத்துகிறேனா? விட்டிட்டுப் போகலாமா, இல்லாவிட்டால் எப்படியாவது ஒருக்கா அழ வைக்கலாமா?" இவைதான் கேள்விகள்.

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் தங்கச்சி என்றே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், கோபத்தோடு ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். தாய்க்குக் கண்ணீர் விடாதவர், தாயின் பாக்குரலை மட்டும் விடிய எழும்பிக் கழுவி, துடைத்து, திண்ணையில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்துவிட்டுத்தான் உழவுக்குப் போகிறார், இது என்ன விசரோ தெரியாது என்று. அந்த வரியை நான் நாலு தரம் வாசித்தேன். வெற்றிலை இடிக்க இனி அந்த வீட்டில் ஆள் இல்லை. ஆனாலும் மாசியில் இருந்து ஒரு நாளும் தவறாமல் அந்த மனுசன் அதைக் கழுவி வைக்கிறார். தங்கச்சி, நீங்கள் செத்தவீட்டில் தேடிய அழுகை இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது கண்ணால் வராமல் கையால் வருகிறது.

அழாதவர் என்றால் உணராதவர் என்று இல்லை

உள்ளே எழுகிற உணர்வும் அது வெளியில் தெரிகிற விதமும் இரண்டு வேறு விடயங்கள். எங்கள் தொல்காப்பியத்தில் இதற்கென்றே மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயல் இருக்கிறது. மெய் என்றால் உடம்பு, உள்ளத்தில் உள்ளது உடம்பில் தோன்றுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதனால் வரும் என்று நாலு நாலு காரணமும் சொல்கிறது. அழுகைக்குச் சொன்ன நாலில் இழவு ஒன்றுதான். பிறர் எங்களை இழிவாக நடத்துவது, முன்பிருந்த நிலையில் இருந்து தளர்ந்து போவது, வறுமை ஆகியவை மற்ற மூன்றும். வெகுளிக்குச் சொன்னதையும் பாருங்கள்: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அடித்து வருத்துதல், கொலை. 2009 இல் மாத்தளனில் இருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்து வந்த ஒருவர் இந்த நாலில் எதைக் காணாமல் வந்திருப்பார்? ஆகவே உங்கள் கணவரிடம் கோபம் இருப்பது எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தக் கோபத்துக்குள் அழுகையும் கிடக்கிறது.

அடுத்தது, யார் முன்னால் எதை எவ்வளவு காட்டலாம் என்பதற்கு ஒவ்வொரு சமூகத்துக்கும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முகபாவனை ஆய்வில் பேர்போன போல் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்த ஃபிரீசனும் 1960களின் கடைசியிலேயே இதை எழுதிவிட்டார்கள், ஆனால் எங்களுக்கு அவர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் செத்தவீட்டில் பெண்கள் பிரேதத்தைச் சுற்றியிருந்து தோளைக் கட்டிப் பிடித்து ஒப்பாரி வைப்பார்கள், ஆண்கள் பந்தலுக்குக் கீழே நிற்பார்கள். மூத்த மகன் கொள்ளிக்குடம் தூக்க வேண்டும், சுடலைக்குப் போக வேண்டும், கணக்குப் பார்த்துக் காசு கொடுக்க வேண்டும். அழுவதற்கு அவருக்கு நாங்கள் நேரமும் கொடுக்கவில்லை, இடமும் கொடுக்கவில்லை. இப்போது அதே சனம், ஏன் அழவில்லை என்று கேட்கிறது. அந்த இரவுச் சிரிப்பையும் பெரிதாக எடுக்க வேண்டாம். நெருக்கடி தாங்க ஏலாத இடத்தில் சிரிப்பு பீறிட்டு வருவது மனித உடம்பின் இயல்புதான்.

போனில் பார்த்த முகசாத்திரம்

கண்ணைப் பார்க்காதவர் பொய் சொல்கிறார், கையைக் கட்டினால் மறைக்கிறார் என்ற வீடியோக்களை நிற்பாட்டிவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். 2019 இல் லிசா ஃபெல்ட்மன் பரெட் உட்பட ஐந்து ஆய்வாளர்கள், முகத்தையும் உணர்ச்சியையும் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து ஒரு நீண்ட அறிக்கை எழுதினார்கள். முகத்தை மட்டும் பார்த்து ஒருவரின் உணர்ச்சியை நம்பிக்கையாகச் சொல்ல ஏலாது என்பதுதான் அதன் சாரம். கோபத்தில் இருப்பவர்கள் பெரும்பாலான நேரம் முகத்தைச் சுழிப்பதே இல்லை, முகம் சுழிப்பவர்கள் எல்லாரும் கோபத்தில் இருப்பதும் இல்லை. கண்ணைப் பார்க்காததும் அப்படித்தான், அதை வைத்துப் பொய்யைப் பிடிக்க முடியாது. அதோடு, பிறர் கண்ணை நேரே பார்ப்பதே ஆபத்தாக இருந்த ஒரு காலம் எங்களுக்கு இருந்தது. காவலரணில் அடையாள அட்டையை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்து நின்ற இளந்தாரிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஊகிப்பதை விட்டுவிட்டுக் கேளுங்கள் என்பதுதான் இதற்கு மாற்று. ஆனால் எப்படிக் கேட்பது என்று ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

அந்தியேட்டியில் எழும்பிப் போனது

உங்களுக்கு இது மானப் பிரச்சினையாக இருந்திருக்கிறது, அது விளங்குகிறது. ஆனால் நடந்ததை அவர் இருந்த இடத்தில் இருந்து ஒருக்கா பாருங்கள். தம்பி இருக்கிறான் என்று நம்பியே உயிரை விட்டவர் தாய். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டம், பிறகு முல்லைத்தீவு, வவுனியா என்று பரவியபோது, அந்த வெயிலில் போய்க் குந்தியிருந்த ஒரு தாய். அவருக்குச் செய்கிற கிரியையிலேயே, காணாமல் போன மகனுக்கும் சேர்த்துச் செய்து முடிப்பம் என்றால், அந்த மூத்தவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? தம்பி செத்துவிட்டான் என்று நீயே உன் கையால் எழுதிக் கொடு, அதுவும் அம்மாவின் கிரியையில் என்றுதானே கேட்டிருக்கும்? அவர் எழும்பிப் போனதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அதைச் சொன்ன பெரியவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார் என்றாலும் கூட.

போலின் பாஸ் என்ற குடும்ப உளச்சிகிச்சையாளர் இப்படியான இழப்புக்கென்றே ஒரு பேர் வைத்து 1970களில் இருந்து எழுதி வருகிறார். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத, முடிவு இல்லாத இழப்பு. உடலும் இல்லை, சடங்கும் இல்லை, அழுதால் நம்பிக்கையைக் கைவிட்டது போல, அழாவிட்டால் கல் மனசு போல. இது அந்த மனிதரின் நோய் இல்லை, அவரை வைத்திருக்கிற நிலைமை அப்படி. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னியில் இருந்து இடம்பெயர்ந்த மக்களைப் பற்றி எழுதியபோது, அந்தக் காயத்தைத் தனி ஆட்களின் காயமாக மட்டும் பார்க்காமல் குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட கூட்டு மனவடுவாகப் பார்த்தார். உங்கள் வீட்டில் நடப்பதை நான் வாசிக்கிறபோது அது நினைவுக்கு வருகிறது. மாமியின் சாவில் அவருக்குத் தாய் மட்டும் போகவில்லை. தம்பிக்காகக் காத்திருந்த ஆளும் போய்விட்டார், இனி அந்தக் காத்திருப்பு முழுவதும் அவர் தலையில்.

ஆகவே தம்பிக்குக் கிரியை செய்வதா இல்லையா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். யாரும் அவசரப்படுத்த வேண்டாம், நீங்களும் வேண்டாம்.

நெஞ்சு எரிவும் வெடிச் சத்தமும்

ஈசிஜியில் ஒன்றும் இல்லை என்றால் நெஞ்சில் வலி இல்லை என்று அர்த்தம் இல்லை. என்னிடம் வருகிற ஆண்களில் யாரும் வந்தவுடன் "எனக்குக் கவலை" என்று சொன்னதாக நினைவில்லை. ஒருவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து மேலும் கீழுமாகத் தேய்ப்பார், "ஒரு மாதிரிக் கிடக்கு" என்பார். இன்னொருவர் பிடரியைத் தொட்டுக் காட்டி உளைவு என்பார். கொஞ்ச நேரம் கதைத்த பிறகு, இது எப்ப தொடங்கியது என்று கேட்டால் ஒரு சாவோ ஒரு திகதியோ வந்து நிற்கும். அவர்கள் நடிக்கவில்லை. துக்கமும் பயமும் நெஞ்சுத் துடிப்பை, வயிற்றை, தசையை எல்லாம் உண்மையாகவே மாற்றுகின்றன. எங்கள் பேச்சிலேயே வயிறு பற்றி எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது, மனம் பாரமாகக் கிடக்கிறது என்றுதானே சொல்கிறோம். (நெஞ்சு வலி புதிதாக, வேர்வையோடோ கை கழுத்துக்குப் பரவியோ வந்தால் மனசு என்று நினைத்து வீட்டில் இருக்க வேண்டாம், உடனே 1990 இற்கு அடித்து அம்புலன்ஸ் எடுங்கள்.)

சித்திரைக் கடைசியில் நித்திரை போவதற்கு வெக்கை காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இழப்பு நடந்த மாதம் நெருங்க நெருங்க உடம்பு கலண்டர் பார்க்காமலே அதை அறிந்துகொள்ளும், வன்னியில் வைகாசி வருகிறபோது எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. வெடிச் சத்தமும் அப்படித்தான். செல் கூவி வருகிற சத்தம் கேட்ட அரைச் செக்கனில் பங்கருக்குள் விழுந்தவர்தான் அன்று தப்பினார், யோசித்துவிட்டு விழலாம் என்று நின்றவர் தப்பவில்லை. அப்படிப் பழகிய உடம்பு, பின்னால் ஒரு வெடி வெடித்தால் அது மகனின் விளையாட்டு என்று மூளை சொல்லி முடிக்கும் முன்னமே பாய்ந்துவிடும்.

ஆனால் அடித்தது அடித்ததுதான்

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். திடுக்கிடுவது அவர் கையில் இல்லை. தடியைத் தேடி எடுத்து, ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் கால் தடிக்க அடித்ததும் உங்களைத் தள்ளி விழுத்தியதும் அப்படி இல்லை. காரணம் விளங்கினால் மன்னித்துவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துவிடாதீர்கள். அவர் அமைதியாக இருக்கிற ஒரு நேரத்தில், பிள்ளைகள் இல்லாத இடத்தில், "இனி ஒருக்கா கை நீட்டினால் நானும் பிள்ளைகளும் அம்மா வீட்டை போயிடுவம்" என்று சொல்லுங்கள், சொன்னால் செய்யுங்கள்.

உங்களுக்குச் சட்டமும் துணை இருக்கிறது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், நீங்களே கேட்கலாம், உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். அதற்காக விவாகரத்து எடுக்க வேண்டும் என்றில்லை, பலர் அப்படிப் பிழையாக நினைத்து வாய் திறக்காமல் இருக்கிறார்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929. இப்போதே ஓடுங்கள் என்று சொல்லவில்லை, உங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது திருத்தக்கூடிய கட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் பயமாக இருக்கிற ஒரு இரவில் யாரைக் கேட்டு எங்கே போவது என்று யோசிக்க நேரம் இருக்காது, இலக்கங்களை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அழ வைக்கலாமா?

வேண்டாம். குடிக்கக் கொடுத்துக் கக்க வைக்கிற யோசனையைக் காதிலேயே போடாதீர்கள். குடியில் வருகிற அழுகை அடுத்த நாள் வெட்கமாக மாறும், வெட்கம் கோபமாக மாறும், நித்திரை இன்னும் கெடும். வெறி இல்லாத நேரத்திலும் ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பது நல்லதில்லை. சுனாமி வந்த காலத்தில் இப்படி ஒரே அமர்வில் நடந்ததை எல்லாம் கேட்டு எடுக்கிற முறை பலருக்கு மருந்து போலத் தெரிந்தது, இன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. பயன் இல்லை என்பது மட்டும் இல்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது.

கேட்கிற விதம் வேறு. முகத்துக்கு நேரே உட்கார்ந்து "என்ன யோசிக்கிறியள், சொல்லுங்கோ" என்று கேட்டால் அவர் மூடிக்கொள்வார். கச்சான் புடுங்குகிற நேரத்தில், லாண்ட்மாஸ்டரைக் கழுவுகிற நேரத்தில் பக்கத்தில் நின்று ஏதாவது வேலையில் கை கொடுங்கள். மாமியைப் பற்றி நீங்களே ஒரு சின்ன விடயம் சொல்லுங்கள், "மாமி இடிக்கிற சத்தத்திலைதான் விடிய எழும்புறனான்" என்கிற மாதிரி. அவர் பதில் சொல்லாவிட்டால் விடுங்கள், இரண்டு நாள் கழித்து இன்னொன்று. அவர் ஒன்று சொன்னால் ஆறுதல் சொல்லி அதை மூடிவிடாமல், கேட்டுக்கொண்டு நில்லுங்கள். அந்தப் பாக்குரலை எடுத்து உள்ளே ஒளிக்கவும் வேண்டாம், விசரோ என்று கேட்கவும் வேண்டாம்.

ஒரு கேள்வியை மட்டும் நேரடியாகக் கேட்கத்தான் வேண்டும். "இருந்து என்ன பிரயோசனம்" என்ற மாதிரிக் கதை அவர் வாயில் வந்தால், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வருவதில்லை, கேட்டதே பலருக்கு ஆறுதலாக இருக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். இரவோ பகலோ 1926 இற்கு அடித்தால் தேசிய உளநல உதவிச் சேவையில் கதைக்கலாம். பயிருக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களை இன்றே பூட்டித் திறப்பை நீங்கள் வைத்திருங்கள், எந்த விவசாயி வீட்டுக்கும் நான் இதைச் சொல்வேன்.

மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவரைக் கூட்டிப் போகத்தான் வேண்டும். கடிதத்தை வைத்து நான் நோய்க்குப் பேர் சொல்லப் போவதில்லை, மனவடுவும் மனச்சோர்வும் துக்கமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும், நேரே இருந்து கதைக்கிற வைத்தியர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. விசர் வைத்தியரிட்டை வரமாட்டன் என்று அவர் சொல்லலாம். அப்படியென்றால் நித்திரையில் இருந்து தொடங்குங்கள், நெஞ்செரிவுக்கும் நித்திரைக்கும் காட்டுவம் என்றால் பெரும்பாலான ஆண்கள் வருவார்கள், அது பொய்யும் இல்லை. அதுவும் சரிவராவிட்டால் முதலில் நீங்கள் தனியே பிரதேச செயலகத்தில் இருக்கிற உளவளத்துணை உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள், ஆறு பக்கம் எழுதுகிற அளவு பாரம் உங்களுக்கும் இருக்கிறது. செய்வினை கழிக்க வேண்டும் என்று சொந்தக்காரர் நின்றால் சண்டை பிடிக்க வேண்டாம், வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் நேர்த்தி வைப்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் பெரிய காசை அதில் கொட்டாதீர்கள், கிளினிக் திகதியையும் அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள்.

மகளைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது போதவில்லை. அவளுக்கும் அப்பம்மா செத்திருக்கிறார், தகப்பன் அவளுடைய தம்பியை அடித்ததையும் தாய் விழுந்ததையும் கண்டிருக்கிறாள். அவள் சாப்பிடுகிறாளா, படிப்பில் விழுந்துவிட்டாளா, சிநேகிதிகளோடாவது கதைக்கிறாளா என்று பாருங்கள், பாடசாலையில் ஆலோசனைக்கென்று இருக்கிற ஆசிரியரிடமும் விசாரியுங்கள், பிறகு எனக்கு விரிவாக எழுதுங்கள். கிளினிக்குக்குப் போகிற அன்று இரண்டு ஈசிஜி துண்டுகளையும், நித்திரை இல்லாத நாட்களைக் குறித்த ஒரு கொப்பியையும் மறக்காமல் கொண்டு போங்கள்.